ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: சீரற்ற நாடியை அறிவதும் பக்கவாதத்தைத் தடுப்பதும்

இ.சி.ஜி. தாளைப் பார்த்த மருத்துவர் "ஏ.எஃப். இருக்கிறது" என்று சொல்லி, இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்க ஒரு மாத்திரையும் ரத்தம் உறையாமலிருக்க இன்னொரு மாத்திரையும் எழுதித் தருகிறார். வேகத்தைக் குறைக்கும் மாத்திரையின் பலன் சில நாட்களில் தெரிந்துவிடுகிறது. படபடப்பு அடங்குகிறது, மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏற முடிகிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையின் பலனோ கண்ணுக்குத் தெரிவதே இல்லை. ஆகவே வாங்கிய மாத்திரை தீர்ந்ததும் பலர் அதைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இந்தச் சீரற்ற துடிப்பு நோயில் பேச்சையும் கைகால்களையும் சில வேளை உயிரையும் பறிப்பது பக்கவாதம்; அதைத் தடுப்பது பலர் நிறுத்திவிடும் அந்த மாத்திரைதான். நாடியைப் பார்ப்பது எப்படி, மருத்துவரிடம் எவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வது, மாத்திரைகளை எந்த ஒழுங்கில் எடுப்பது, எந்த அறிகுறிக்கு உடனே ஓடுவது என்பவற்றை நோயாளியும் வீட்டாரும் அறிந்துகொள்வதற்காக இதை எழுதுகிறேன்.

இதயத்தில் என்ன நடக்கிறது

இதயத்தின் வலது மேலறையில் இருக்கும் சைனஸ் முடிச்சு, ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பை எழுப்புகிறது. அந்தத் துடிப்பு இரண்டு மேலறைகளிலும் பரவி, நடுவிலுள்ள ஏ.வி. முடிச்சைக் கடந்து, கீழறைகளை அடைகிறது. மேலறைகள் சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ள, கீழறைகள் சுருங்கி அதை உடலெங்கும் அனுப்புகின்றன. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் இந்த ஒழுங்கு குலைந்து, மேலறைகளின் பல இடங்களிலிருந்து நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்துடிப்புகள் எழுகின்றன. அத்தனை வேகத்தில் மேலறைச் சுவர்களால் சுருங்க முடியாது. அவை வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். ஏ.வி. முடிச்சு அவற்றுள் பெரும்பகுதியைத் தடுத்து, சிலவற்றை மட்டும் முன்பின்னாகக் கீழே விடுவதால், நாடி வேகமாகவும் எந்த ஒழுங்குக்கும் உட்படாமலும் அடிக்கிறது.

இடது மேலறையின் ஓரத்தில் விரல் போன்ற சிறு பை ஒன்று உண்டு. மேலறை நன்றாகச் சுருங்கும்வரை அதற்குள் ரத்தம் போவதும் வருவதுமாக இருக்கும். சுருக்கம் நின்று நடுக்கம் மட்டும் மிஞ்சும்போது, ஓடாத வாய்க்காலின் மூலையில் நீர் தேங்குவதுபோல, அந்தப் பைக்குள் ரத்தம் தேங்கி உறைகிறது. வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்கு உண்டாகும் உறைகட்டிகளில் பத்தில் ஒன்பது இந்தப் பைக்குள்தான் உருவாகின்றன. கட்டி பெயர்ந்து மூளை நாளத்தில் போய் அடைத்தால் பக்கவாதம். காலுக்குப் போனால் கால் வெளிறிச் சில்லிட்டுத் தாங்க முடியாத வலி எடுக்கும். குடலுக்குப் போகும் நாளத்தை அடைத்தால் கடும் வயிற்றுவலி வரும்.

நாடியைப் பார்க்கும் முறை

ஐந்து நிமிடமாவது உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகே நாடி பார்க்க வேண்டும். இடது உள்ளங்கை மேல்நோக்கியிருக்கும்படி கையை மேசைமீதோ மடிமீதோ வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டைத் தாண்டிச் சற்றுக் கீழே வந்தால், எலும்புக்கும் நரம்புபோல் புடைத்திருக்கும் தசைநாணுக்கும் இடையே ஒரு பள்ளம் தட்டுப்படும். வலது கையின் ஆள்காட்டிவிரலையும் நடுவிரலையும் அந்தப் பள்ளத்தில் மெல்ல அழுத்துங்கள். கட்டைவிரலால் பார்க்கக் கூடாது. அதற்கென்று ஒரு துடிப்பு உண்டு, அதையே நாடி என்று எண்ணிவிடுவோம். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். ஆனால் தாளம் சந்தேகமாக இருந்தால் முழு நிமிடமும் எண்ண வேண்டும்.

எண்ணிக்கையைவிட இடைவெளிகளைக் கவனிப்பதே இங்கு முக்கியம். சீராக அடித்துக்கொண்டே வந்து, எப்போதாவது ஒரு துடிப்பு முந்தி வந்து, பின் ஒரு சிறு நிறுத்தத்துக்குப் பிறகு பழைய தாளத்துக்கே திரும்பினால், அது பலருக்கும் வரும் முன்கூட்டிய துடிப்பாக இருக்கலாம். இளைஞர்களுக்கு மூச்சை இழுக்கும்போது நாடி சற்று விரைவதும் விடும்போது தணிவதும் இயல்பே. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று ஊகிக்கவே முடியாது. இரண்டு நெருங்கி வரும், ஒன்று தாமதிக்கும், ஒன்று ஓங்கி அடிக்கும், அடுத்தது விரலுக்கு எட்டியும் எட்டாமலும் போகும். சில துடிப்புகள் மணிக்கட்டுவரை வந்து சேராமலே போவதால், மருத்துவர் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து எண்ணும் எண்ணிக்கை மணிக்கட்டில் கிடைப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் ஒரு குறிப்பைத் தரக்கூடும்: ஆள் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே எண் 84, 112, 96 என்று ஓரிடத்தில் நிற்காமல் தாவிக்கொண்டிருந்தால் நாடியை விரலால் பார்த்துவிடுவது நல்லது. தானியங்கி பிபி கருவியில் சீரற்ற துடிப்பைக் காட்டும் இதயக் குறி மின்னினாலும் அப்படியே. இந்நோய் இருப்பவர்களுக்கு அந்தக் கருவியின் அளவு ஒவ்வொரு முறையும் மாறும்; மூன்று முறை எடுத்துச் சராசரியைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

65 வயதைக் கடந்தவர்கள், ரத்தக்கொதிப்போ சர்க்கரையோ உள்ளவர்கள் ஆகியோரின் நாடியை வீட்டில் ஒருவர் அவ்வப்போது பார்க்கும் பழக்கம் இருக்க வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன். இந்நோய் பலருக்கு எந்தத் தொந்தரவும் தருவதில்லை. படபடப்பு, மூச்சிரைப்பு, காரணமில்லாத அசதி, தலைசுற்றல் எதுவுமே இல்லாமலிருந்து, பக்கவாதத்தோடு மருத்துவமனைக்கு வந்த பிறகே நோய் தெரியவரும் நிலை உண்டு. பிபி மாத்திரை வாங்கப் போகும் ஒவ்வொரு முறையும் "நாடி சீராக இருக்கிறதா, ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று கேட்பதற்குக் கூச்சப்படத் தேவையில்லை.

உறுதிசெய்வது எப்படி

நாடியும் துடிப்பைக் கணிக்கும் ஸ்மார்ட் கைக்கடிகாரமும் சந்தேகத்தை எழுப்பலாம், தீர்ப்பு இ.சி.ஜி.யுடையது. மேலறை சுருங்குவதைக் காட்டும் சிறு மேடான பி அலை மறைந்து, உயர்ந்தெழும் கோடுகளுக்கு இடையிலான தூரம் ஒழுங்கின்றி மாறிக்கொண்டிருந்தால் நோய் உறுதியாகிறது. வந்து வந்து போகும் வகையில், மருத்துவமனைக்குப் போய்ச் சேர்வதற்குள் துடிப்பு சீராகிவிடலாம். அப்படியானால் 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடலில் மாட்டியிருக்கும் ஹோல்ட்டர் கருவி உதவும். படபடப்பு தொடங்கிய உடனேயே அருகிலுள்ள மருத்துவமனையில் ஓர் இ.சி.ஜி. எடுத்து, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துவது இன்னும் எளிது. வெப்பத்தில் அச்சாகும் அந்தத் தாளில் எழுத்து மங்கிப்போகும் என்பதால் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுகள் கழித்தும் அது பயன்படும்.

நோய் உறுதியானால் இதயத்தை ஒலியலையால் படம்பிடிக்கும் எக்கோ, தைராய்டுக்கான டி.எஸ்.எச்., சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை, ரத்த அணுக்கள் ஆகிய பரிசோதனைகள் தேவை. எக்கோவைத் தவிர்க்கவே கூடாது. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சல், இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டிருந்தால், அதன் விளைவாக முப்பது, நாற்பது வயதிலேயே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வருவதை நம் நாட்டில் இன்னும் பார்க்கிறோம்; அவர்களில் பெண்கள் மிகுதி. அவர்களுக்கான மருந்து வேறு என்பதால், வால்வின் நிலை தெரியாமல் சிகிச்சையைத் தொடங்குவது சரியாகாது.

ஆபத்தை அளப்பது

அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகர மக்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு, வால்வுக் கோளாறு இல்லாமல் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்றும், ருமாட்டிக் வால்வு நோயும் சேர்ந்திருந்தால் அது பதினேழு மடங்கு என்றும் காட்டியது. ஆனால் எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவல்ல. அதை அளக்க மருத்துவர்கள் சாட்ஸ்-வாஸ்க் என்னும் மதிப்பெண் முறையைக் கையாள்கிறார்கள். இதயச் செயலிழப்பு, ரத்தக்கொதிப்பு, சர்க்கரை நோய், மாரடைப்பு போன்ற ரத்தநாள நோய், 65 முதல் 74 வரையிலான வயது ஆகிய ஒவ்வொன்றுக்கும் 1 மதிப்பெண்; 75 வயதைத் தொட்டவர்களுக்கு 2; முன்பே பக்கவாதமோ, சில நிமிடங்களில் சரியான தற்காலிக வாதமோ வந்திருந்தால் 2. பெண் என்பதற்கு ஒரு மதிப்பெண் கூட்டும் பழைய வழக்கத்தை 2024-ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல் கைவிட்டுவிட்டது. 2 அல்லது அதற்கு மேல் வந்தால் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து வேண்டும். 1 வந்தால் மருத்துவரோடு பேசி முடிவெடுக்கலாம். 67 வயதான, ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் உள்ள ஓர் அம்மாவின் மதிப்பெண் 3. படபடப்பே இல்லையென்றாலும் அவருக்கு மருந்து அவசியம். நடுத்தரமான அல்லது கடுமையான மைட்ரல் சுருக்கம் உள்ளவர்களுக்கும் உலோக வால்வு பொருத்தியவர்களுக்கும் இந்தக் கணக்கே தேவையில்லை; அவர்கள் அனைவருக்கும் மருந்து உண்டு.

ஒரு கேள்வி அடிக்கடி எழும்: "எப்போதாவது ஒருமுறைதானே வருகிறது, எனக்கும் மாத்திரை வேண்டுமா?" ஏழு நாட்களுக்குள் தானாக அடங்கும் வகை, அதற்கு மேல் நீடிக்கும் வகை, நிரந்தரமாகத் தங்கிவிட்ட வகை என்று இந்நோயைப் பிரித்தாலும், மருந்து தொடங்குவதைத் தீர்மானிப்பது அந்தப் பிரிவு அல்ல, மேலே சொன்ன மதிப்பெண்ணே.

பக்கவாதத்துக்கு அடுத்த ஆபத்து இதயச் செயலிழப்பு. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கட்டுக்கடங்காத வேகத்தில் துடிக்கும் இதயத்தின் தசை தளர்ந்துபோகிறது. கணுக்காலில் வீக்கம், மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறல் ஆகியவை அதன் அடையாளங்கள். வேகத்தைக் கட்டுப்படுத்தினால் பலருக்குத் தசை மீண்டும் பலம் பெறுகிறது என்பது ஆறுதலான செய்தி.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள்

ஆஸ்பிரின் போதும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். 2011-இல் வெளியான அவெரோஸ் ஆய்வில், வார்ஃபரின் என்னும் பழைய உறைதடுப்பு மருந்தை எடுக்க இயலாத நோயாளிகளிடம் ஆஸ்பிரினையும், புதிய உறைதடுப்பு மருந்தான அபிக்சபானையும் ஒப்பிட்டார்கள். அபிக்சபான் எடுத்தவர்களுக்குப் பக்கவாதம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. பெரிய ரத்தக்கசிவோ இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. அதாவது, ஆஸ்பிரின் காப்பது குறைவு, ஆபத்து மட்டும் குறைவதில்லை.

வால்வுக் கோளாறு இல்லாதவர்களுக்கு இப்போது பெரும்பாலும் அபிக்சபான், டாபிகட்ரான், ரிவராக்சபான் போன்ற புதிய மருந்துகளையே தருகிறார்கள். அடிக்கடி ரத்தப் பரிசோதனை தேவையில்லை என்பது இவற்றின் வசதி. ஆனால் இவற்றின் வேலை ஒரு நாளைக்குள் அடங்கிவிடும் என்பதால், மாத்திரையைத் தவறவிட்டால் பாதுகாப்பும் அன்றே போய்விடுகிறது. அபிக்சபானும் டாபிகட்ரானும் நாளுக்கு இருவேளை. ரிவராக்சபான் ஒருவேளை, அதுவும் சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடலில் சரியாகச் சேரும். டாபிகட்ரான் காப்ஸ்யூலைப் பிரித்துத் தூளைக் கரைத்துக் குடிக்கக் கூடாது. ஒருவேளை மறந்துவிட்டால், இருவேளை மருந்தை 6 மணி நேரத்துக்குள்ளும் ஒருவேளை மருந்தை 12 மணி நேரத்துக்குள்ளும் நினைவு வந்தவுடன் எடுக்கலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் அடுத்த வேளைக்குரியதை மட்டும் எடுக்க வேண்டும், இரண்டைச் சேர்த்து விழுங்கக் கூடாது. சிறுநீரகம் வெளியேற்றும் மருந்துகள் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறையாவது கிரியாட்டினின் பார்க்க வேண்டும். செலவுக்குப் பயந்து இருவேளையை ஒருவேளையாகக் குறைப்பவர்களை எண்ணும்போது வேதனையாக இருக்கிறது. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். குறைந்த விலைத் தயாரிப்புகள் இருக்கின்றன, வார்ஃபரினுக்கு மாற்றவும் வழியுண்டு.

ருமாட்டிக் மைட்ரல் சுருக்கமும் உலோக வால்வும் உள்ளவர்களுக்கு வார்ஃபரினோ, நம் மருந்துக்கடைகளில் அசிட்ரோம் என்ற பெயரில் அறியப்படும் அசினோகூமரோலோதான் உரியது. 4,500-க்கும் மேற்பட்ட ருமாட்டிக் நோயாளிகள் பங்கேற்ற, 2022-இல் வெளியான இன்விக்டஸ் ஆய்வில், ரிவராக்சபானைவிடப் பழைய மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஆகவே, யாரோ சொன்னார் என்று புதிய மாத்திரைக்குத் தாமாக மாறுவது இவர்களுக்கு ஆபத்தானது. கருவுறத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே இதய மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். வார்ஃபரின் கருவைப் பாதிக்கும், உரிய மாற்று ஏற்பாடு இல்லாமல் அதை நிறுத்தினால் தாயின் உயிருக்கும் ஆபத்து.

வார்ஃபரின், அசிட்ரோம் எடுப்பவர்களுக்கு ஐ.என்.ஆர். என்னும் ரத்தப் பரிசோதனையே வழிகாட்டி. மருந்து எடுக்காதவருக்கு அது 1-ஐ ஒட்டி இருக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு மருந்து எடுப்பவருக்கு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். 2-க்குக் கீழே போனால் உறைகட்டி, 3-ஐ மீறி ஏற ஏற ரத்தக்கசிவு. சில உலோக வால்வுகளுக்கு இலக்கு இன்னும் சற்று உயரம். தொடக்கத்தில் சில நாட்களுக்கு ஒருமுறையும், அளவு நிலைப்பட்டபின் மாதம் ஒருமுறையும் பார்க்கிறார்கள். இதற்கென்று ஒரு சிறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, ஐ.என்.ஆர்., அன்றைய மாத்திரை அளவு என்று மூன்று கட்டம். நான்காவது கட்டத்தில் அந்த வாரம் வந்த காய்ச்சல், புதிதாக எடுத்த மருந்து, விட்டுப்போன வேளை ஆகியவற்றை எழுதுங்கள். 2.4 என்றிருந்தது திடீரென்று 5.1 ஆனால், காரணம் பெரும்பாலும் அந்த நான்காவது கட்டத்தில்தான் கிடைக்கும்.

கீரையைப் பற்றிய அச்சம் தேவைக்கு அதிகமாகவே பரவியிருக்கிறது. முருங்கைக்கீரையிலும் பிற கீரைகளிலும் உள்ள வைட்டமின் கே, வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்பது உண்மை. அதற்காகக் கீரையே கூடாது என்று ஒதுக்க வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் உண்பவர் அதையே தொடரலாம், மருந்தின் அளவை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள முடியும். ஒரு மாதம் தொடவே தொடாமல் இருந்துவிட்டு அடுத்த மாதம் நாள்தோறும் உண்பதுதான் ஐ.என்.ஆரைக் குலைக்கிறது. கீரையைவிட அஞ்ச வேண்டியவை மருந்துகள். மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளுகோனசோல் ஆகியவை ஐ.என்.ஆரை ஏற்றும், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் இறக்கும். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள், பழையது புதியது என்ற வேறுபாடின்றி எல்லா உறைதடுப்பு மருந்துகளோடும் சேர்ந்து வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கும். முழங்கால் வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை கேட்டு வாங்குவதும், காய்ச்சலுக்கு இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வதும் இவர்களுக்கு ஆகாது. தசையில் போடும் ஊசியால் உள்ளே ரத்தம் கட்டிக்கொள்ளும். சித்த மருந்தோ மூலிகைச் சூரணமோ எடுப்பவர்கள் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

பல் துலக்கும்போது ஈறில் லேசாக ரத்தம் வருவதற்காக மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது. பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காத மூக்கு ரத்தம், தார்போல் கறுத்த மலம், சிவந்த சிறுநீர், வழக்கத்துக்கு மாறான கடும் தலைவலி ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலையில் அடிபட்டால், வலியே இல்லையென்றாலும் போகத்தான் வேண்டும். பல் பிடுங்குவதற்கோ அறுவைக்கோ முன்னால், மருந்தை நிறுத்த வேண்டுமா, எத்தனை நாள், எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நிறுத்தியதை மீண்டும் தொடங்க மறந்து பக்கவாதத்தில் முடியும் அவலம் தவிர்க்கக் கூடியது.

வேகமும் தாளமும்

மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால், டில்டியாசெம், டிஜாக்சின் போன்றவை வேகத்தைக் குறைப்பவை. ஓய்வில் நிமிடத்துக்கு 110-க்குள் இருந்தால் பலருக்கும் போதும் என்பது முதல் இலக்கு. டிஜாக்சின் எடுப்பவருக்குக் குமட்டலோ பார்வையில் மஞ்சள் நிறமோ தோன்றினால் அளவு மிஞ்சியிருக்கலாம். தாளத்தையே மீட்க அமியோடரோன் போன்ற மருந்து, மின்னதிர்ச்சி, அப்ளேஷன் ஆகிய வழிகள் உண்டு. அமியோடரோன் தைராய்டையும் கல்லீரலையும் நுரையீரலையும் பாதிக்கக்கூடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு, கல்லீரல் பரிசோதனைகள் தேவை. இந்நோயைத் தூண்டும் மின்துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளின் வாயிலில் எழுகின்றன என்று பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஐசகேர் குழுவினர் 1998-இல் காட்டினார்கள்; அந்த வாயிலைச் சுற்றிச் சூடு வைத்தோ உறையவைத்தோ தடுப்பதுதான் இன்றைய அப்ளேஷன். தொந்தரவு மிகுந்தவர்களுக்கும் நோய் தொடங்கி நெடுங்காலம் ஆகாதவர்களுக்கும் இது நல்ல பலன் தருகிறது. அப்ளேஷன் முடிந்து நாடி சீரான பிறகும், மதிப்பெண் கூடுதலாக இருப்பவர்கள் உறைதடுப்பு மருந்தைத் தொடர வேண்டும்.

தூண்டும் காரணங்களையும் கவனிக்க வேண்டும். ரத்தக்கொதிப்பே அவற்றுள் முதன்மையானது. தைராய்டு மிகையைச் சரிசெய்தால் சிலருக்குத் துடிப்பு தானாகவே சீராகிறது. இரவில் உரக்கக் குறட்டைவிட்டு இடையே மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவர்களுக்கு உறக்க மூச்சுத்தடைப் பரிசோதனை வேண்டும். மது, சிறிதளவானாலும், இந்நோயை மீண்டும் மீண்டும் அழைக்கும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்து 2015-இல் வெளியான லெகசி ஆய்வில், உடல் எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்துக் காத்தவர்களுக்கு நோய் திரும்பாமலிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு இருந்தது. காலையும் மாலையும் குடிக்கும் காபியைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் பலர். அளவான காபி இந்நோயை வரவழைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. குடித்ததும் படபடப்பதாக உணர்பவர்கள் மட்டும் தவிர்த்தால் போதும்.

பக்கவாதம் வந்துவிட்டால்

முகம் ஒருபக்கம் கோணுதல், இரு கைகளையும் தூக்கச் சொன்னால் ஒன்று தானே தாழ்ந்துவிடுதல், பேச்சு குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள், இலங்கையில் 1990. சில நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் காத்திருக்கக் கூடாது. ஸ்கேன் வசதியுள்ள, பக்கவாதச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்கே நேரே போக வேண்டும். உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைத் தொடக்கத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எண்ணெய் தேய்த்துப் பார்ப்பதிலும் விடியட்டும் என்று இருப்பதிலும் போகும் நேரம் அந்த நாலரை மணி நேரத்திலிருந்தே கழிகிறது. மூளைக்குள் ரத்தக்கசிவா அடைப்பா என்பது ஸ்கேன் எடுக்காமல் தெரியாது என்பதால், வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது. விழுங்கும் திறன் குறைந்திருக்கலாம், தண்ணீரும் புகட்டக் கூடாது.

மருத்துவமனையில் கேட்கும் முதல் கேள்விகளில் மூன்றுக்கு வீட்டார் மட்டுமே பதில் சொல்ல முடியும்: அவர் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை எது, கடைசியாக எத்தனை மணிக்கு எடுத்தார். கரைக்கும் ஊசியைப் போடலாமா கூடாதா என்பது பெரிதும் இந்தப் பதில்களைப் பொறுத்தது. மாத்திரையின் பெயர், அளவு, எடுக்கும் நேரம், கடைசி ஐ.என்.ஆர்., வால்வின் நிலை, மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு சிறு அட்டையில் எழுதி, ஒன்றை நோயாளியின் சட்டைப்பையிலோ கைப்பையிலோ, இன்னொன்றைக் குளிர்பெட்டிக் கதவிலோ வைத்துவிடுங்கள். மருந்து மாறும்போதெல்லாம் இரண்டையும் மாற்றி எழுதுங்கள்.